பஞ்சநதம் பிரிக்காத பந்தல்

நான் இதுவரை நானூறு சாவு வீடுகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். வாசலில் கிடக்கிற நாற்காலிகளைப் பார்த்தே, போனது ஆணா பெண்ணா, மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவேண்டியிருக்கிறதா, பங்காளிகளுக்குள் பேச்சு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. நானூறு என்பது கொஞ்சம் அதிகம்தான். ஒரு சைபரை அடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கல்வெட்டு.

நாற்காலிகளைப் படிக்கிற இந்தக் கண் எனக்கு வந்தது பஞ்சநதத்தைப் பார்த்துத்தான். எங்கள் கீழச்சிற்றோடை சமுதாயக் கூடத்தை அவர் சீர்படுத்தி ஒரு வருஷம் ஆகிறது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்ட அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொன்னார்கள். முப்பத்தாறு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளிடம் ஒரு பக்கம் கேட்டது அவர்கள் தப்பு.

பஞ்சநதத்துக்கு அறுபத்தோரு வயது. பதினாறு வயதில் மாமாவின் பந்தல் கடையில் மூங்கில் தூக்கப் போனவர். அவர் இதுவரை போட்ட பந்தல் துணியை எல்லாம் சேர்த்துத் தைத்தால் கல்லணையிலிருந்து கடல்வரைக்கும் காவிரிக்கு நிழல் கொடுக்கலாம். ஒரு புயலில் அவர் கட்டிய பந்தல் அப்படியே எழும்பிப் பறந்து வேதாரண்யத்து உப்பளத்தில் நாலு காலும் ஊன்றி இறங்கியதாகவும், அங்கே உப்பு வாரியவர்கள் அதன் கீழேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதாகவும் நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது அடுத்த வயல் வரப்பில் சிக்கிக் கிழிந்தது. ஆனால் பறந்தது நிஜம்.

பந்தல் போட ஆயிரம் பேர் உண்டு. ஆட்களை உட்காரவைக்கத் தெரிந்தவர் பஞ்சநதம் ஒருவர்தான். வரப்புத் தகராறில் பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். மற்றவர்களாக இருந்தால் பந்தலின் இந்தக் கோடியில் ஒருவரையும் அந்தக் கோடியில் ஒருவரையும் வைப்பார்கள். பஞ்சநதம் இருவரையும் நாலு முழ இடைவெளியில் உட்காரவைத்து நடுவில் ஒரே ஒரு சுழலும் மின்விசிறியை நிறுத்தினார். சித்திரை வெயில். அண்ணன் பக்கம் காற்றுப் போனால் தம்பிக்கு வேர்க்கும். தம்பி பக்கம் போனால் அண்ணனுக்கு. தாலி கட்டுவதற்குள் தம்பி வாயைத் திறந்துவிட்டார். பத்து வருஷம் கழித்து அவர் அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை, "காத்து வரல."

இப்படிப்பட்டவருக்கு முழங்கால் போய்விட்டது. ஏணியிலிருந்து விழுந்தார்; கடையை மகன் எடுத்துக்கொண்டான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கிறுக்குப் பிடிக்கும் என்று அவர் மனைவி ராஜாத்தி ஊராட்சித் தலைவரிடம் சொல்ல, சமுதாயக் கூடத்துச் சாவி அவர் கைக்கு வந்தது.

அந்தக் கூடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வாசல் பலகையில் 'முதியோர் நல்வாழ்வுக் கூடம்' என்று இருக்கும். உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒட்டகச்சிவிங்கிக்கு வயதானால் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஜன்னலெல்லாம் அந்த உயரத்தில். ஒரு கோடியில் மேடை. மேடையைப் பார்த்து வரிசையாக நாற்காலிகள். மேடையில் பேச யாருமில்லை, நாற்காலியில் கேட்கவும் யாருமில்லை. பஞ்சநதம் காலையில் திறப்பார், சாயங்காலம் பூட்டுவார். நடுவில் புறாக்கள் கூட்டம் நடத்தும்.

போன வருஷம் ஆனி மாதத்தில் ஊராட்சித் தலைவர் பிரகதீஸ்வரி வந்தார். நல்ல மனுஷி, ஆனால் கண்டிப்பு. முந்தைய வருஷம் கொள்முதல் நிலையத்து நெல் சாக்கெல்லாம் வைக்க இடமில்லாமல் மழையில் நனைந்து, ஊரே அவரைத் திட்டியிருந்தது.

"குறுவை அறுப்புக்குள்ள ஜனங்க வந்து உக்காந்தா இது கூடம். இல்லைன்னா சாக்கு உக்காரட்டும். நான் என்ன பண்ணுறது, சொல்லுங்க?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஞ்சநதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாப்பது வருஷத்துக்கு மேலா நான் போட்டது எல்லாத்தையும் மறுநாள் காலைல நானே பிரிச்சிருக்கேன் டீச்சர். கல்யாணம்னாலும் பிரிக்கணும், கருமாதின்னாலும் பிரிக்கணும். இது ஒண்ணாவது பிரிக்காம நிக்காதான்னு பாக்குறேன்."

திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

பிறகுதான் அவருக்கு அரவிந்தன் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் கோவிந்தராசுவின் மகன், சிங்கப்பூரில் இருக்கிறான். ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் உள்ளே எதை எங்கே வைத்தால் மனுஷனுக்கு மனசு லேசாகும் என்று வரைந்து கொடுப்பது அவன் தொழில். பஞ்சநதம் போனில் விஷயத்தைச் சொன்னதும் பையன் அக்கறையாக ஒரு படம் வரைந்து அனுப்பினான். நாற்காலிகள் வட்டமாக. ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கக்கூடாது. எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கவேண்டும். நடுவில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே பச்சைச் செடிகள். பெட்டியின் ஒரு முனையில் மட்டும் மங்கலாக மஞ்சள் வெளிச்சம். லேசான நறுமணம். மெல்லிய இசை.

சிங்கப்பூரில் இதைப் பார்த்தால் மனசு லேசாகும். கீழச்சிற்றோடையில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறடிக் கண்ணாடிப் பெட்டிக்குப் பஞ்சநதம் எங்கேயும் அலையவில்லை. மகன் கடைக் கிடங்கில் ஒன்று சும்மா கிடந்தது. துக்க வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வந்த ஃப்ரீசர் பெட்டி. குளிர்விக்கிற மோட்டார் கெட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. "கழுவித் துடைச்சா கண்ணாடி கண்ணாடிதானே" என்று அவர் நினைத்தார். வாழ்நாளெல்லாம் அந்தப் பெட்டியை ஏற்றி இறக்கியவருக்கு அது மேசை, பெஞ்சு மாதிரி இன்னொரு சாமான்.

ஆடி வெள்ளிக்கிழமை. ராஜாத்தி மாரியம்மன் கோயிலுக்குக் கஞ்சி காய்ச்சப் போயிருந்தாள், இருந்திருந்தால் தடுத்திருப்பாள். கூடத்து நாற்காலி வட்டத்துக்குப் போதாது என்று கடையிலிருந்து இன்னும் ஐம்பதும், கூடவே பெட்டியும் லோடு ஆட்டோவில் ஏற, முன்சீட்டில் பஞ்சநதம். ஆடியில் கல்யாணம் கிடையாது; நாற்காலி வெளியே போனால் ஒன்று கோயில், இல்லாவிட்டால் துக்கம் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற விண்ணரசி கையில் கிளாஸோடு எட்டிப்பார்த்தாள்.

"அண்ணே, பெட்டி எங்க போவுது?"

"கூடத்துக்கும்மா."

"யாரு கேட்டாங்க?"

"நம்ம அரவிந்தன் தம்பிதான், சிங்கப்பூர்லேர்ந்து சொல்லுச்சு."

ஆட்டோ போய்விட்டது. விண்ணரசி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அரவிந்தனுடைய அப்பா கோவிந்தராசுவை ஊரில் பார்த்து மூன்று நாளாகிறது. போன் பண்ணினால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. மகன் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறான். வீட்டில் டைல்ஸ் போடுவதற்காகத் தரையைப் பெயர்த்துப் போட்டிருப்பதால் கூடத்தில் வைக்கிறார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பதினைந்து நிமிஷத்தில் ஊர் முழுக்கச் சேதி போய்ச்சேர்ந்தது.

உண்மை என்னவென்றால், கோவிந்தராசு திருப்பனந்தாளில் மகள் வீட்டில் இருந்தார். போன் அங்கே தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்திருந்தது.

கூடத்தில் பஞ்சநதம் படத்தில் உள்ளபடி ஒன்றுவிடாமல் செய்தார். கூடத்தின் நீளவாக்கில் பெட்டி தெற்கு வடக்காக. துரு தெரியாமல் இருக்க அடியில் வெள்ளைத் துணி. உள்ளே மணிபிளான்ட்டும் குரோட்டன்ஸும், அவற்றுக்கு நிறையத் தண்ணீர். மூடியதும் கண்ணாடி வியர்த்து உள்ளே இருப்பது தெரியாமல் போயிற்று. மஞ்சள் வெளிச்சத்துக்குத் தெற்கு முனையில் குத்துவிளக்கு, ஒரே ஒரு முகம் ஏற்றி. நறுமணத்துக்கு வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி. இசைக்குத் தன் போனில் ஒரு புல்லாங்குழலைப் போட்டுவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தால் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவருக்குக் கண்ணை நம்பமுடியவில்லை. ஒரு வருஷமாகப் புறாவைத் தவிர யாரும் வராத இடம். மேலும் மேலும் வருகிறார்கள்; செருப்பை வெளியே விடுகிறார்கள்; சத்தம் போடாமல் நடக்கிறார்கள்; வட்டத்தில் உட்கார்ந்து பெட்டியையே பார்க்கிறார்கள். சாவு வீட்டை நூறு கஜத்துக்கு அப்பாலேயே கண்டுபிடிக்கிற மனுஷருக்கு, தான் போட்டது சாவு வீடு என்பது தெரியவில்லை. ஆசை அப்படிக் கண்ணை மறைத்தது. ஓரமாகப் போய் அரவிந்தனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஜனங்க வந்துட்டாங்க! யாரும் பேசல. பெட்டியையே பாத்துக்கிட்டு இருக்காங்க. நாலஞ்சு பேருக்குக் கண்ணு கலங்கிருக்கு."

"மனசுல அடைச்சிருந்ததெல்லாம் வெளியில வருது அண்ணே. நல்லதுதான். தடுக்காதீங்க" என்றான் அவன்.

பஞ்சநதம் தடுக்கவில்லை. பூமாலை வந்தது, வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தார், செடிக்குத்தானே என்று. கீழத்தெருவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயர் வேண்டாம்; படித்தவர், மானம் மரியாதை உள்ளவர். வந்தவர் நேராகப் பெட்டியின் தலைமாட்டில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார்.

"பேப்பர் வந்து கெடக்குதே, பிரிக்க ஆளில்லையே!
மொதப் பக்கம் படிக்கிறவரே, மொதலா போனீரே!"

பஞ்சநதம் கைகட்டி நின்று ரசித்திருக்கிறார். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு வெளியே வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் அந்த நேரம் வீட்டில் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கேள்விப்பட்டதைத்தான் எழுதுகிறேன்.

மூன்றரை மணி பஸ்ஸில் கோவிந்தராசு வந்து இறங்கினார். டீக்கடை சாத்தியிருக்கிறது; கூடத்து வாசலில் செருப்புகள்; வெடி போடுகிற ஆள் பையோடு நிற்கிறான். யாரோ போய்விட்டார்கள் என்று புரிந்தது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்து, விண்ணரசிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரும்மா?" என்றார் மெதுவாக.

விண்ணரசி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம கோவிந்தராசு அண்ணன்தான்."

"அடடா. எப்ப?"

"விடியக்காலைல போல."

"என்னவாம்?"

"படுத்தவரு எந்திரிக்கலையாம். தங்கமான மனுஷன்."

"ஆமாம்மா, நல்ல மனுஷன்" என்று சொல்லி, கோவிந்தராசு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிற்று. அதற்குப் பிறகுதான் செத்தது யார் என்பது அவருக்கு உறைத்தது.

"ஏய்!" என்று அவர் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. விண்ணரசி போட்ட கூச்சல் வலங்கைமான்வரை கேட்டது. இது மிகையில்லை, வலங்கைமான் நாலு கிலோமீட்டர்தான்.

ரகளை அடங்க அரைமணி நேரம் ஆயிற்று. பஞ்சநதம் பெட்டியைத் திறந்து மணிபிளான்ட்டைக் காட்டினார். வெடிக்காரன் முறைத்தான். ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அப்போதுதான் கோவிந்தராசு வாசலை மறித்து நின்றார்.

"யாரும் போவக்கூடாது. எனக்குன்னுதானே வந்தீங்க? என்னைப் பத்தி என்னென்ன சொன்னீங்க? எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிட்டுப் போங்க. நான் இல்லாதப்பவே சொல்லிட்டா எப்படி?"

சிரிப்பு கிளம்பியது. விண்ணரசி கடையைத் திறந்து டீ கொண்டுவந்தாள். அரவிந்தனுக்கு அதற்குள் அவன் பள்ளித் தோழர்கள் அனுப்பிய இரங்கல் போய்ச் சேர்ந்திருந்தது. அலறிக்கொண்டு பஞ்சநதத்தின் போனில் கூப்பிட, கோவிந்தராசு அதை வாங்கிக் காதில் வைத்தார்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"பெட்டிக்குப் பக்கத்துலதான் தம்பி. நல்லா இருக்கேன். டீ குடிக்கிறேன்."

ஆறு மணிவரை ஒருவரும் எழுந்துபோகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு பக்கத்தில் எழுதியிருப்பேன். ஆனால் மறுநாள் கூடத்துக்கு ஒரு ஈ, காக்காய் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தலை முழுகியிருந்தார்கள். துக்கத்துக்குப் போன இடத்துக்கு மறுநாள் சும்மா போய் உட்கார முடியுமா? 'சாவுக் கூடம்' என்று பெயரும் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை தலைவர் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாக்குக்கு இந்த பயமெல்லாம் கெடையாது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சநதம் அன்றைக்குக் கூடத்தைக் கூட்டவில்லை. துடைப்பத்தை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை விட்டுப்போன நாற்காலிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. தூசியில் அவை இழுபட்ட தடங்கள். தரையில் டீக் கிளாஸ் வட்டங்கள். அவர் போட்ட வட்டத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. பந்தக்கால் நடக் குறி போடுகிற சுண்ணாம்புப் பொடியை எடுத்துவந்து, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலிக் காலைச் சுற்றியும் குறி போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். செத்தவரு எந்திரிச்ச பிறகு ஒருத்தரும் எதுத்தாப்ல எதுத்தாப்ல உக்காரல. எல்லாரும் வாசப்பக்கமா இழுத்துப் போட்டு, ரோட்டைப் பாத்து உக்காந்திருக்காங்க. ரெண்டு ரெண்டு பேரா, ஒரே பக்கமா. மூஞ்சியப் பாத்து உக்காரச் சொன்னா நம்மாளு பொண்ணு பாக்க வந்த மாதிரி நெளிவான். பஸ்ஸப் பாத்துக்கிட்டே பேசச் சொல்லுங்க, வயித்துல இருக்கறதெல்லாம் வந்துடும்."

பின்கதவோரம் சுவரில், ஓர் ஆள் உட்காருகிற உயரத்தில், எண்ணெய்க் கறை வரிசையாக இருந்தது. பெண்கள் நாற்காலியைத் தொடாமல் தரையில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறார்கள். கதவுக்கு அருகில் ஒற்றை நாற்காலி ஒன்று, பாதி உள்ளே பாதி வெளியே.

"இது யாருக்கு?" என்றேன்.

"உள்ள வரலாமா வேணாமான்னு இருக்கறவங்களுக்கு. அதைத் தொடக்கூடாது."

அடுத்த பத்து நாளில் அவர் செய்ததற்கெல்லாம் தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தீர்மானம் போடவேண்டும். கொத்தனாரை வைத்து ரோட்டுப் பக்க ஜன்னல் மூன்றையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். ட்யூப்லைட் கண்ணைக் குத்தாமல் அதன் கீழே பழைய மஞ்சள் பந்தல் துணியைத் தொங்கவிட்டார். சுண்ணாம்புக் குறிமேல் நாற்காலிகள் நின்றன, பின்சுவரோரம் கோரைப்பாய். எல்லாம் இருந்தது, ஜனங்களைத் தவிர. பெட்டி நடுக்கூடத்தில் கிடந்து பயமுறுத்தியது.

ராஜாத்திதான் அதற்கு வழி கண்டாள். கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெயில் வரும், காக்கா வராது. எண்ணிப் பத்து நாளுல மோர் மிளகா காஞ்சிடும்" என்றாள். பெட்டி கூடத்துக் கொல்லைக்குப் போயிற்று. மிளகாயும் முறுகலாகக் காய்ந்தது. வேடிக்கை பார்க்கப் பெண்கள் வந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் காய்ந்ததை யார் வாயில் வைப்பது?

கோவிந்தராசுவுக்கு ஆள் போயிற்று. தலைவாழை இலையில் தயிர்சாதத்தோடு வந்து கூடத்து வாசலில் உட்கார்ந்தார். எங்கள் வலங்கைமான் மாரியம்மனுக்கு, நோயில் பிழைத்தவர்கள் பங்குனியில் உயிரோடு பாடையில் படுத்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அதை இழுத்துத்தான் பேசினார்.

"பாடையில போய் எந்திரிச்சவனுக்கு ஆயுசு கெட்டிம்பாங்க. நான் ஃப்ரீசர்லேர்ந்தே எந்திரிச்சவன். எனக்கு வந்த பெட்டி, முதல் மிளகா எனக்குத்தான்."

கடித்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. மென்றார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

அவ்வளவுதான், தீட்டு போயிற்று. மறுவாரம் பெட்டிக்கு முறை வைக்கவேண்டியதாயிற்று. செவ்வாய் விண்ணரசியின் கூழ்வடகம், புதன் இன்னொருத்தியின் சுண்டைக்காய். காயப்போட வந்தவர்கள் பாயில் சாய்ந்தார்கள். அவர்களைத் தேடிவந்த ஆண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸை எண்ணினார்கள். பேப்பர் அங்கே வர ஆரம்பித்தது. முதல் பக்கத்துக்குக் கோவிந்தராசுவும் நானும் தினமும் சண்டை.

புரட்டாசியில் குறுவை அறுப்புத் தொடங்கியது. தலைவர் அளவு நாடாவோடும் சாக்கு லாரியோடும் வந்தார். பஞ்சநதம் எழுந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். முதல் சாக்கை வைக்க ஆளில்லாத ஓர் இடம் வேண்டும், இல்லை. இறக்கப்பட்ட ஜன்னல்களைப் பார்த்தார், புருவம் ஏறியது. "யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த கோப்பைப் பிரிப்பதற்காகக் கதவோரத்து ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் போயிற்று. இன்னொரு பஸ் போயிற்று. விண்ணரசி டீயும் ஒரு மோர் மிளகாயும் கொடுத்தாள். கோப்பு மடியில் மூடியே கிடந்தது. கால்மணி நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். அரைமணி நேரம் கழித்து லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"என்னங்கம்மா, எங்க எறக்குறது?"

"பழைய பள்ளிக்கூடத்துக் கட்டடத்துல, ஒழுகுற எடத்துக்குத் தார்ப்பாய் போட்டு எறக்குங்க. இங்க எங்க இடம் இருக்கு?" என்றார் தலைவர், எழுந்திருக்காமலே.

பஞ்சநதம் தூணை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். பந்தல் அதற்குப் பிறகு பிரிக்கப்படவில்லை. அரவிந்தனுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். "ரொம்ப நல்லா இருக்கே, யாரு டிசைன்?" என்று கேட்டான். "நீங்க போட்டதுதான் தம்பி. ஜனங்க கொஞ்சம் நகத்திப் போட்டாங்க" என்றார் பஞ்சநதம்.

இவ்வளவையும் இன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். கோவிந்தராசு இரண்டு இடத்தில் கைதட்டினார். மிளகாய்க் காம்பை நறுக்கிக்கொண்டிருந்த ராஜாத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஒண்ணே ஒண்ணுதான் மாத்தி எழுதிட்டீங்க. கைக்குத் தைலம் தேச்சது அன்னைக்கு இல்ல, மறுநாளு. நான்தானே தேச்சுவிட்டேன், மாரடிச்ச கைக்கு."